குடுமியும் கம்பளியும்: 1914இல் ஒரு மாணவரின் கடற்பயண ஆயத்தம்

காவிரி நாட்டார்க்குக் கடல் புதிதன்று. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய நாட்டரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பத் தொடங்கியதும், இராசேந்திரன் காலத்தில் சோழர் கலங்கள் கடாரம் வரை சென்றதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். வணிகத்துக்கும் போருக்கும் கடல் கடந்தவர்களைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். கல்வியின் பொருட்டுக் கடல் கடந்தவர்களைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

அந்த வரிசையில் பழையதொரு பெயர் மலையப்பன். 1714 அக்டோபரில் சீகன்பால்கு தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது, இந்தத் தமிழ் இளைஞரும் அவருடன் கப்பலேறினார். பயணத்தினூடே சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கண நூலுக்கு அவர் துணை நின்றார். இலத்தீன் மொழியிலமைந்த அந்நூல் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. மலையப்பனை மாணவர் என்பதைவிட, மொழித் துணைவர் என்பதே பொருந்தும். பல்கலைக்கழக உதவித்தொகையும் கல்லூரி இடமும் பெற்று, ஆய்வு மாணவராகவே இவ்வட்டாரத்து இளைஞர் ஒருவர் கப்பலேறியது சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1914இல். அவர் கும்பகோணம் சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் வாழ்க்கையைக் கணிதத்தின் வழியாகச் சொல்வதே வழக்கம். நாம் இங்கே கணிதத்தைத் தொடப்போவதில்லை; அதற்கு நமக்குத் தகுதியும் இல்லை. அவருடைய பயண ஆயத்தம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறோம். காரணம் உண்டு. இன்று தஞ்சைப் பகுதிக் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு பருவம் பயின்றுவரச் செல்கிறார்கள். பரிந்துரைக் கடிதம் கேட்டு அவர்கள் நம்மிடம் வருகையில், கையில் ஒரு பட்டியல் இருக்கும்: கடவுச்சீட்டு, விசா, வங்கி இருப்புச் சான்று, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், மருத்துவக் காப்பீடு. அனைத்தும் தேவையானவையே. ஆயினும் ஒரு பட்டியல் எதைக் காக்கும், எதைக் கைவிடும் என்பதை அறிய 1914ஐவிடத் தெளிவான பாடம் நமக்குக் கிடைக்காது.

கும்பகோணத்தில் காவிரிக் கரையில் நிற்கும் அரசினர் கல்லூரிக்குத் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. அங்கே 1880 முதல் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிச் சென்றார். மறு ஆண்டு, 1904இல், நகர உயர்நிலைப் பள்ளியில் தேறிய இராமானுஜன் உதவித்தொகையோடு அதே கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றவற்றில் மனம் செல்லாமையால் ஆங்கிலத்தில் தவறி, உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வு கைகூடவில்லை. 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர். தென்னிந்தியக் கேம்பிரிட்ஜ் தேர்ச்சியளிக்காத ஒருவரை இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் அழைத்தது என்பது வரலாற்றின் வேடிக்கை.

1913 சனவரியில் அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகறிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பலரும் விரைந்து கடந்துவிடுகிறார்கள். இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்கும் முயற்சியில் ஹார்டி அப்போதே இறங்கினார். இலண்டனிலிருந்து இந்திய மாணவர் விவகாரங்களைக் கவனித்த அலுவலர்கள் வழியாகச் சென்னையில் அவரிடம் கேட்கப்பட்டது. வர இயலாது என்பதே மறுமொழி. கடல் கடந்தால் சாதியாசாரம் கெடும் என்ற நம்பிக்கை உறுதியாக இருந்த வைணவ அந்தணக் குடும்பம் அது; தாயார் கோமளத்தம்மாளின் சொல்லே வீட்டில் இறுதிச் சொல். எனவே அவர் சென்னையிலேயே தங்கினார். 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது.

மறுப்பு இசைவாக மாறியது எப்படி? 1913 இறுதியில் நாமக்கல் சென்று நாமகிரித் தாயார் சந்நிதியில் தங்கியிருந்தபோது அவருக்கு உத்தரவு கிடைத்தது என்பது ஒரு வழக்கு. தாயாரின் கனவில் தேவி தோன்றி, மகனைத் தடுக்காதே என்றாள் என்பது மற்றொன்று. இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளுவோரும் உண்டு, அற்புதம் என்று கொண்டாடுவோரும் உண்டு. நாம் இவற்றை ஒரு குடும்பம் தன்னையே ஆயத்தப்படுத்திக்கொண்ட முறையாகக் காண்கிறோம். விதியை மீறுவதற்கு விதியைவிடப் பெரிய ஒன்றின் இசைவு தேவைப்பட்டது. அதை அவர்கள் தமக்குத் தெரிந்த இடத்திலிருந்து பெற்றார்கள். அந்த இசைவின்றி எந்த உதவித்தொகையும் அவரைக் கப்பலேற்றியிராது.

1914இன் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த இ.எச்.நெவில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற வந்தார். வயது 25. இராமானுஜனை அழைத்துவர முயலுமாறு ஹார்டி அவரிடம் சொல்லியிருந்தார். பழகிச் சில சந்திப்புகளுக்குள் இராமானுஜன் தம் குறிப்பேட்டையே நெவிலிடம் கொடுத்து எடுத்துச் செல்லச் சொன்னார். நெவில் அழைப்பைத் தயங்கித் தயங்கி எடுத்தபோது, வீட்டின் எதிர்ப்பு நீங்கிவிட்டது என்ற செய்தி அவருக்காகக் காத்திருந்தது.

எஞ்சியிருந்தவை நான்கு ஐயங்கள். பணத்துக்கு என்ன செய்வது? தம் ஆங்கிலம் போதுமா? புலால் உண்ணாதவர் அங்கே எவ்வாறு வாழ்வது? மறுபடியும் தேர்வு எழுத வேண்டுமா? நூறாண்டு கடந்தும் இன்றைய மாணவர் நம்மிடம் கேட்பவை இவையேயல்லவா? பணத்தைப் பற்றிக் கவலை வேண்டா, ஆங்கிலம் போதும், உணவு நெறி மதிக்கப்படும், தேர்வுகள் இல்லை என்று நெவில் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார்.

பணத்துக்காகச் சனவரி இறுதியில் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு அவர் கடிதம் எழுதினார். கணிதப் பேராசிரியர் லிட்டில்ஹெயில்ஸும் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றனர். ஆளுநர் பென்ட்லண்டு வரை செய்தி சென்றது. ஆண்டுக்கு 250 பவுன் என இரண்டாண்டு உதவித்தொகையும், கப்பல் கட்டணமும், உடை முதலியவற்றுக்கான தொகையும் ஒதுக்கப்பட்டன. பவுனுக்கு 15 ரூபாய் என்ற அக்காலக் கணக்கில் 250 பவுன் என்பது 3,750 ரூபாய். துறைமுகத்தில் அவர் பெற்ற ஆண்டு ஊதியம் 360 ரூபாய்தான். உதவித்தொகையில் 50 பவுன் அளவு குடும்பத்துக்கென்று பிரித்துக் கும்பகோணத்துக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. டிரினிட்டி கல்லூரியும் தன் பங்காக 60 பவுன் சேர்த்தது. சில வாரங்களில் இத்தனையும் முடிந்தன என்பது இன்றைய அலுவலக நடைமுறைகளை அறிந்தோர்க்கு வியப்பைத் தரும்.

அடுத்தது உடம்பை ஆயத்தப்படுத்துவது. கால்சட்டை, கோட்டு, டை, காலுறை, காலணி ஆகியன வாங்கப்பட்டன. ஐரோப்பிய முறையில் வாழ்ந்த நண்பர் ஒருவரின் இல்லத்தில் சில நாள் தங்கி, கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணப் பழகினார். தட்டில் சைவ உணவு மட்டுமே இருக்க வேண்டும் என்பது உடன்பாடு. கப்பலில் அவருக்குச் சைவ உணவு கிடைக்கச் செய்யுமாறு கப்பல் முகவர்களுக்கு ஸ்பிரிங் கடிதம் எழுதினார். கடைசியாகக் குடுமி. தாயையும் மனைவி ஜானகியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு இரயிலேற்றி அனுப்பிவிட்ட பின்னரே அது மழிக்கப்பட்டது. புதிய தோற்றத்தில் தம்மை அவர்கள் காணலாகாது என்று அவர் எண்ணினார். மகனுடைய பயணத்துக்கு இசைந்த தாய்க்கும், பதினைந்து வயதை ஒட்டிய அந்த இளம் மனைவிக்கும் வழியனுப்பும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. 1914 மார்ச்சு 17ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பல் சென்னையை விட்டு நீங்கியபோது, துறைமுகத்தில் நின்றவர்கள் நண்பர்களும் அதிகாரிகளும் பேராசிரியர்களும்தாம்.

ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன். நெவில் தம் தமையனுடன் காரில் வந்து வரவேற்றார். இலண்டனில் இந்திய மாணவர் தங்குமிடத்தில் நான்கு நாள் இருந்தபின், கேம்பிரிட்ஜில் செஸ்டர்டன் சாலையிலிருந்த நெவிலின் வீட்டுக்கு இராமானுஜன் சென்றார். ஏறக்குறைய இரண்டு மாதம் அங்கே விருந்தினர். கல்லூரிச் சேர்க்கைக்கான தாள்கள் நிரப்புவது முதல் உணவு வரை நெவிலும் அவர் மனைவி ஆலிசும் பார்த்துக்கொண்டார்கள். காலணி கடித்ததைத் தவிரப் பெருங்குறை எதுவும் இந்நாள்களில் தெரியவில்லை. சூன் மாதம் கல்லூரிக்குள் தனி அறைக்குக் குடிபெயர்ந்தார். ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது.

குளிர்காலத்தில் நடந்த ஒன்றைப் பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற பி.சி.மகலனோபிஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்போது அவர் கிங்ஸ் கல்லூரி மாணவர். இராமானுஜன் கணப்படுப்பை ஒட்டி அமர்ந்திருக்கக் கண்டு, இரவில் குளிர் தாங்குகிறதா என்று வினவினார். மேற்கோட்டை அணிந்து, சால்வையும் போர்த்திக்கொண்டுதான் உறங்குவதாக விடை வந்தது. போர்வைகள் இல்லையோ என்று படுக்கையறைக்குள் சென்று பார்த்தால், கம்பளிகள் இருந்தன. ஆங்கிலேயர் வழக்கப்படி அவை மெத்தையின் விளிம்புக்குள் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு இடப்பட்டிருந்தது. அவ்விரிப்பையும் கம்பளிகளையும் விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. விரிப்பின்மீதே படுத்திருந்திருக்கிறார். மகலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டிக் கற்பித்தார்.

இந்நிகழ்ச்சியை மேதையின் வெள்ளையுள்ளத்துக்குச் சான்றாக நகைச்சுவையோடு சொல்வார்கள். நமக்கு நகைக்கத் தோன்றவில்லை. பாயிலும் திண்ணையிலும் உறங்கி வளர்ந்த கும்பகோணத்துப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆளுநர் முதல் பதிவாளர் வரை ஆயத்தத்தில் பங்கு கொண்ட எவர்க்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. ஏன்? அவர்களது ஆயத்தம் பெரும்பாலும் பிறர் கண்ணை எண்ணிச் செய்தது. குடுமி பிறர் பார்ப்பது. டை பிறர் பார்ப்பது. முள்கரண்டி பிறருடன் உண்ணும்போது வேண்டுவது. படுக்கையோ தனித்திருக்கையில் வேண்டுவது. சபையில் நாணாமல் இருக்க இராமானுஜனுக்குக் கற்பித்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டபின் வாழ்வதற்குக் கற்பிக்கவில்லை.

உணவிலும் இதுவே நிகழ்ந்தது. முள்கரண்டியைப் பிடிக்கத் தெரிந்தது. அதனால் எடுத்து உண்ணத் தக்கது கல்லூரி உணவுக்கூடத்தில் இல்லை. நல்ல பாலும் பழங்களும் மட்டும் கிடைத்திராவிட்டால் இன்னும் துன்புற்றிருப்பேன் என்றும், ஓரிரு பண்டங்களைத் தாமே சமைக்க முடிவு செய்து ஊரிலிருந்து சில பொருள்கள் அனுப்பச் சொல்லியிருப்பதாகவும் 1914 இறுதியில் அவர் ஊருக்கு எழுதினார். அறையில் எரிவாயு அடுப்பில் தாமே சமைத்தார். ஆனால் தாய் சமைத்து மகன் உண்ணும் வீட்டிலிருந்து வந்தவர் அவர். இரவெல்லாம் கணக்கிட்டு, நேரம் தவறி உண்பது வழக்கமாயிற்று. போர்க்காலத்தில் உணவுப் பொருள்களுக்கு ஏற்பட்ட தட்டுப்பாடு நிலையை மேலும் மோசமாக்கியது. டிரினிட்டியின் முற்றமே படைவீரர் மருத்துவமனையாக மாறியது. லிட்டில்வுட் பீரங்கிப் படைக்குச் சென்றுவிட்டார். மகலனோபிஸ் 1915இல் இந்தியா திரும்பினார். தொடக்கத்தில் சூழ்ந்திருந்த உதவிக் கைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

ஊரில் எஞ்சியிருந்தவர்களுக்கோ எந்த ஆயத்தமும் செய்யப்படவில்லை. மாதந்தோறும் பணம் செல்ல ஏற்பாடு இருந்தது. மனைவிக்கும் கணவனுக்கும் இடையே கடிதம் செல்ல ஏற்பாடு இல்லை. மாமியார் மருமகள் பிணக்கில் ஜானகியின் கடிதங்கள் அவரை அடையாமலும் அவர் எழுதியவை ஜானகியை அடையாமலும் தடைப்பட்டதை வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன. ஜானகி தம் தமையன் இருந்த கராச்சிக்குச் சென்றுவிட்ட செய்தியும் கேம்பிரிட்ஜில் இருந்தவரைத் துன்புறுத்தியது.

சாதனைகள் குறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1916 மார்ச்சில் ஆய்வின் வழியே பி.ஏ. பட்டம், 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரி உறுப்பினர். ஆனால் 1917 முதல் அவர் வாழ்வின் பெரும்பகுதி மருத்துவமனைகளிலும் காசநோய் இல்லங்களிலும் கழிந்தது. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் 32ஆம் வயதில் மறைந்தார். நோய் காசம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இந்தியாவிலேயே தொற்றிய அமீபாவால் விளைந்த கல்லீரல் நோயாக இருக்கலாம் என்று 1994இல் மருத்துவர் டி.ஏ.பி.யங் வாதிட்டார். ஆகவே ஆயத்தக் குறைவே உயிரைக் கொண்டது என்று நாம் எழுதினால் அது அநீதி. குளிரிலும் பசியிலும் தனிமையிலும் அவர் பட்ட துன்பத்தில் ஒரு பகுதி தவிர்க்கத் தக்கது என்று மட்டும் துணிந்து சொல்லலாம்.

இவ்வரலாற்றுக்கு அருகில் வைத்துப் பார்க்கத் தக்க மற்றொரு பயணமும் இம்மண்ணிலேயே உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.இரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்து, 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்தின் தனிமை பொறுக்காமல் கற்பித்தலுக்கே திரும்ப விரும்பியவரிடம், இங்கிலாந்து சென்று வந்த பின்னும் மனம் மாறாவிடில் கல்லூரிக்கே வந்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பயின்றார். பெர்விக் சேயர்ஸின் வழிகாட்டலில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சென்று பார்த்தார். அங்காடி ஒன்றில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டபோது கோலன் பகுப்பு முறைக்கான எண்ணம் பிறந்தது. 1925இல் திரும்பினார், திரும்பும் கப்பலிலிருந்த நூலகத்தை ஒழுங்குபடுத்தியபடியே வந்தார் என்பர்.

பத்தாண்டு இடைவெளியில் ஒரே பல்கலைக்கழகம் அனுப்பிய, ஒரே வட்டாரத்துக் கணிதர் இருவர். ஒருவர் மேதை என்பதாலோ மற்றவர் உலகியல் அறிந்தவர் என்பதாலோ மட்டும் வேறுபாடு எழவில்லை. இரங்கநாதனுக்குப் போர் இல்லை. திரும்பும் காலம் தெரிந்திருந்தது; திரும்பி வந்து அமரும் நாற்காலி காத்திருந்தது; அங்கே பார்க்க வேண்டியவை எவை என்ற கேள்வி கையிலிருந்தது. ஒரு பருவம் சென்று வரும் இன்றைய மாணவர்க்கு இவர் பயணமே நெருங்கிய முன்மாதிரி. இதே இரங்கநாதன் பிற்காலத்தில், இராமானுஜனை அறிந்தோரின் நினைவுகளைத் திரட்டி 1967இல் அவரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார் என்பதும் மனங்கொள்ளத் தக்கது.

இவ்விரு பயணங்களிலிருந்து நம் மாணவர்களுக்கும், அவர்களைவிட நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பெறக் கிடைப்பது என்ன? பட்டியலின் முதற்பகுதியை அலுவலகங்களே கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்பாரற்ற இரண்டாம் பகுதியை நாம்தான் எழுத வேண்டும். சோறு வடிக்கவும் ஒரு இரசம் வைக்கவும் தெரியுமா? அறையில் வெப்பக் கருவியை இயக்குவது எப்படி என்று அங்கே யாரிடம் கேட்பது? உடல்நலம் கெட்டால் முதல் நாளே யாரிடம் சொல்வது? வாரம் ஒருமுறை வீட்டில் யாருடன் பேசுவது, அவரைத் தவிர வேறெவர்க்கும் செய்தி எட்டுமா? பிள்ளைகளுக்கு இவற்றைச் சொன்னால் நாணுவார்கள். பெற்றோர்க்கும் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். தெரியாது என்று சொல்ல நாணுவதே பெருந்தடை. கம்பளி அறையிலேயே இருந்தும் குளிரில் படுத்திருந்தவர் யாரென்று நினைவூட்டினால் நாணம் ஓரளவு விலகும் என்பது நம் எண்ணம்.

மற்றொன்று, நெவிலைப் பற்றியது. அவர் இங்கு வந்தார். இங்குள்ள இளைஞரைப் பார்த்தார். ஐயங்களைக் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு தம் வீட்டிலேயே தங்க வைத்தார். பரிமாற்றம் என்ற சொல்லுக்கு உண்மைப் பொருள் அதுதான். இராமானுஜன் வளர்ந்த கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெரு வீட்டை இன்று சாஸ்த்ரா பல்கலைக்கழகம் நினைவில்லமாகக் காக்கிறது. 32 வயதுக்கு உட்பட்ட கணித அறிஞர்க்கு அப்பல்கலைக்கழகம் இராமானுஜன் பெயரில் நிறுவிய பரிசு 2005 முதல் வழங்கப்பட்டு வருகிறது. டிசம்பர் 22ஐ ஒட்டிப் பல நாடுகளிலிருந்து அறிஞர்கள் கும்பகோணத்துக்கு வருகிறார்கள். நம் கல்லூரிகளுக்கும் அவ்வப்போது அயல்நாட்டு மாணவர் வந்து சில மாதம் தங்குகிறார்கள். வாழையிலையில் எந்தப் பக்கம் எதைப் பரிமாறுவார்கள், கொசுவலையை எப்படிச் செருகிக்கொள்வது, குளியலறைச் செம்பு எதற்கு என்பன அவர்களுக்கும் தெரியாது. கேட்க அவர்களும் நாணுவார்கள். அவர்கள் கேட்குமுன் நாமே சொல்லிவிடுவது நல்லது.